வெட்டாமல் விட்ட துண்டு

ஜனவரி 12

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? கடைசியாக அனுப்பிய போட்டோவில் கழுத்தெலும்பு தெரிந்தது. (ஊசி போடத் தெரியாத ஆளை ஏன் டாக்டர் என்கிறோம் என்று உன் மருமகள் வாண்டு கேட்கிறாள். கோபித்துக்கொள்ளாதே.)

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்த இரண்டு அறை வீட்டில் குளியலறைக்குள் போய்க் குசுகுசுத்தாலும் உன் மருமகளுக்குக் கேட்டுவிடுகிறது. "அத்தகிட்ட என் காலப் பத்தி என்னம்மா சொன்னே?" என்று போன வாரம் கேட்டாள். ஏழு வயதுக்கு இவ்வளவு காது ஆகாது. அதனால் இனிமேல் கடிதம்தான். கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தையல் மிஷின் மேலேயே வைத்து எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். டிசம்பரில் வந்த ஜீன் அறிக்கையை இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தத் தசை நோய் வர வேண்டுமென்றால் அம்மா கொடுத்த ஜீனிலும் பிழை இருக்க வேண்டும், அப்பா கொடுத்ததிலும் இருக்க வேண்டுமாம். வாண்டுவிடம் ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. அது என்னிடமிருந்து வந்தது. "ஒண்ண மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். அதில் சேர்க்க இரண்டாவது பிழையும் என்னவென்று தெரிய வேண்டும். குழந்தையும் யார் உதவியும் இல்லாமல் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்க வேண்டும். ஜூலையோடு ஆள் சேர்ப்பதை நிறுத்திவிடுவார்கள். வாண்டு இப்போது எழுந்து நிற்கிறாள். முனகிக்கொண்டுதான், ஆனாலும் நிற்கிறாள்.

நீ நாள் முழுக்க இந்த வேலைதானே பார்க்கிறாய்? எனக்குப் புரிகிற மாதிரி ஏதாவது சொல்.

உன் அண்ணன் நலம். வேறு என்ன.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஜனவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறேன். கழுத்தெலும்பு பிறந்ததிலிருந்தே அப்படித்தான், சாப்பாட்டின் மேல் பழி போடாதீர்கள். வாண்டுவுக்கு என் முத்தம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

அறிக்கையைப் படித்தேன். புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

செல் ஒரு ஜீனைப் பயன்படுத்தும்போது முதலில் அதை ஆர்.என்.ஏ. என்ற பிரதியாக எடுத்துக்கொள்கிறது. அந்தப் பிரதியில் வேண்டாத துண்டுகள் ஏராளம். அவற்றை இன்ட்ரான் என்கிறோம். அவற்றை வெட்டி எறிந்துவிட்டு மீதியை ஒட்டினால்தான் படிக்கக்கூடிய செய்தி கிடைக்கும். எது வேண்டாதது என்று செல்லுக்கு யார் சொல்கிறார்கள்? யாரும் சொல்வதில்லை. இன்ட்ரான் தொடங்கும் இடத்தில் பெரும்பாலும் ஜி, யு என்று இரண்டு எழுத்துகள் இருக்கும். முடியும் இடத்தில் ஏ, ஜி. முடிவுக்குச் சற்று முன்னால் தனியாக ஒரு ஏ. கத்தரிக்கும் வேலைக்கென்றே இருக்கிற மூலக்கூறுகள் இந்தக் குறிகளைத் தடவிப் பார்த்து ஒட்டிக்கொள்கின்றன. பக்கத்து எழுத்துகளும் ஒத்துப்போனால்தான் வெட்டு விழும். வெறும் ஜி, யு என்று பார்த்தால் அது எங்கும் கிடக்கிறது. ஒவ்வொன்றிலும் வெட்டினால் மிஞ்சுவது நூல்தான்.

உங்கள் கடையில் சாக்பீஸ் கோட்டைப் பார்த்துத்தானே கத்தரி போகிறது? எறிய வேண்டிய துணியின் நடுவில் யாரோ தவறாக ஒரு கோடு போட்டுவிட்டால், அதிலிருந்து ஒரு கீற்று சட்டையோடு சேர்ந்து தைக்கப்பட்டுவிடும். அந்தச் சட்டையைப் போட முடியாது. சில குழந்தைகளின் நோய்க்கு இதுதான் காரணம். சாதாரண அறிக்கைக்கு, செல் வைத்துக்கொள்ளும் துண்டுகளை மட்டும் படிப்பார்கள். எறிகிற துண்டை எதற்குப் படிப்பது என்று ஒரு எண்ணம். எங்கள் ஆய்வகத்தில் அதையும் படிப்போம்.

மூன்று பேர் ரத்தமும் அனுப்புங்கள்: வாண்டு, நீங்கள், அண்ணன். அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். "லிஃப்ட்டுக்குள்ள இருக்கேன், சிக்னல் இல்ல" என்றான். சிக்னல் இல்லாமல் அதை எப்படிச் சொன்னான் என்றுதான் தெரியவில்லை. லிஃப்ட் மெக்கானிக்குகளுக்குத் தனியாக நெட்வொர்க் இருக்கும் போலிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 11

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ நலம்தானே? இங்கே நலம். இடுப்பு வலி என்னைவிட நலமாக இருக்கிறது.

நீ சொன்ன சாக்பீஸ் சங்கதி நன்றாகப் புரிந்தது. புரியாமல் என்ன? போன வருடம் ஒரு மாப்பிள்ளைப் பையனின் கோட்டுத் துணியில் பழைய சாக்பீஸ் கோட்டை யாரோ அழிக்காமல் விட்டு, கட்டிங் மாஸ்டர் அதன் மேலேயே கத்தரியை ஓட்டிவிட்டார். பையன் கல்யாணத்துக்கு ஒரு கையை மடக்கியே வைத்திருந்தானாம்.

வாண்டு ரத்தமும் என் ரத்தமும் ஐஸ் பெட்டியில் அனுப்பியாகிவிட்டது. ஊசி போட்ட சிஸ்டரிடம் வாண்டு, "இதுல என் கால் இருக்குமா, அத்த கண்டுபிடிச்சிருவாங்களா?" என்று கேட்டாள். அந்தப் பெண் பஞ்சை அழுத்திப் பிடித்தாள். அப்புறம் பெட்டியை மூடும்போது பார்த்தேன், கண் கலங்கியிருந்தது.

உன் அண்ணன் ரத்தம் அனுப்பவில்லை. வேலை அதிகம். அவர் நலம். வேறு என்ன.

ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

அண்ணி


மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். எல்லோரும் நலமா? எனக்குச் சளி, மற்றபடி குறையில்லை.

ஒரு சந்தேகத்துக்குரிய இடம் கிடைத்திருக்கிறது. இப்போதே சந்தோஷப்படாதீர்கள். வாண்டுவின் ஜீனில் ஒரு பெரிய இன்ட்ரானின் நட்ட நடுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. மாறியதால் அங்கே வெட்டுக்குறி போல ஒன்று உண்டாகிவிட்டது. அந்த மாற்றம் உங்கள் ரத்தத்தில் இல்லை. ஆனால் பார்க்கக் குறி போல இருப்பது மட்டும் போதாது. செல் நிஜமாகவே அதில் ஏமாந்து போகிறதா என்று ஆர்.என்.ஏ.வில் பார்க்க வேண்டும். ஏமாந்திருந்தால் செய்தியோடு வேண்டாத துண்டும் சேர்ந்து நீளமாகியிருக்கும். சோதனையில் வழக்கமான கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். அதற்கு இங்கே வெளியாள் யாரையும் தேடுவதில்லை. சோதனை செய்பவரே கையை நீட்டிவிடுவது எங்கள் வழக்கம். இந்த முறை என் கை. கூட வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக்காரர் எடுத்தார். எடுத்த இடம் நீலமாகிவிட்டது. நன்றாகப் படித்தவர், ஊசி மட்டும் வராது.

அண்ணன் ரத்தம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு வரியாவது எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நாத்தனார்


மார்ச் 22

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நலம். நீ நலமா? சளிக்கு ஆவி பிடி.

நேற்று வாண்டுவால் பஸ் படி ஏற முடியவில்லை. பின்னால் நின்றவர்கள் "சீக்கிரம் ஏறும்மா" என்றார்கள். நான் தூக்கி ஏற்றினேன். கனக்கிறாள். நாற்காலியிலிருந்து எழும்போது இப்போது தொடையில் கையை ஊன்றித் தன் மேல் தானே ஏறுகிற மாதிரி எழுகிறாள். அலுப்பாக இருக்கிறது. இப்படி எழுதக் கூடாதுதான். ஆனாலும் அலுப்பாகத்தான் இருக்கிறது. கடையில் பள்ளிச் சீருடை ஆர்டர் குவிந்து கிடக்கிறது. எல்லாம் அவள் வயதுப் பிள்ளைகளின் அளவு.

உன் சோதனை எப்போது முடியும்?

உன் அண்ணன் நலம். வேறு என்ன.

அண்ணி


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நலம் விசாரிக்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

சோதனை கெட்டுவிட்டது. வாண்டுவின் மாதிரியில் அந்தக் கூடுதல் கோடு வந்தது. பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டேன். அப்புறம்தான் பக்கத்தில் பார்த்தேன். நோயில்லாத மாதிரியிலும் அதே இடத்தில் கோடு, கொஞ்சம் மங்கலாக. "ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சு, தூக்கிப் போடுங்க" என்றார் மூக்குக்கண்ணாடிக்காரர். இரண்டு பேர் ரத்தமும் ஒரே மேசையில் இருக்கும்போது ஒரு துளி அங்கே தெறித்தால் போதும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கருவிகளைக் கழுவி, புதிதாக ரசாயனங்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். வர வாரக்கணக்கில் ஆகும். என்னை மன்னித்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். ஒவ்வொன்றிலும் அண்ணன் நலம் என்று ஒரு வாக்கியம், உடனே வேறு என்ன. வாண்டுவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள், கட்டிங் மாஸ்டரைப் பற்றிக்கூட எழுதுகிறீர்கள், அவனைப் பற்றி மட்டும் அந்த இரண்டு வாக்கியம். நடுவில் ஏதோ வெட்டி எடுத்திருக்கிறீர்கள் அண்ணி. வெட்டிய இடத்தை ஓரத்தை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. என்ன நடக்கிறது அங்கே?

நாத்தனார்


மே 20

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நலம். நீ நலமா? உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு இத்தனை நாள் சுற்றினேன். அதற்குள் நீ இரண்டு முறை போன் செய்துவிட்டாய். வாண்டு பக்கத்தில் இருந்ததால் மழையைப் பற்றிப் பேசினோம்.

உன் அண்ணன் வீட்டில் இல்லை. டிசம்பரிலிருந்தே இல்லை. அறிக்கை வந்த அன்று அதைப் படித்துவிட்டு, "எங்க பக்கம் யாருக்கும் இந்த மாதிரி கிடையாது" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். மறுநாள் ஒரு பையை எடுத்துக்கொண்டு கம்பெனி கொடுத்திருக்கிற அறைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை வருவார். வாண்டுவோடு உட்கார்ந்து படம் வரைவார். என்னிடம் "சாப்பிட்டியா" என்று கேட்பார். நான் "ம்" என்பேன். போய்விடுவார். வீட்டுச் செலவுக்குக் குறை வைக்கவில்லை. ரத்தம் கேட்டபோது, "எனக்கு எதுக்கு?" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட் என்று வாண்டுவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நம்புகிற மாதிரி நடிக்கிறாள்.

நான் என்ன வாதாடுவது, சொல். குறை என் பக்கம் என்று அறிக்கையிலேயே அச்சடித்திருக்கிறது. ராத்திரியில் அவள் காலைப் பிடித்துவிடும்போது இந்தக் காலை நான்தான் கெடுத்தேனோ என்று தோன்றுகிறது. உன்னிடம் ஏன் மறைத்தேன் என்றால், நீ அவர் தங்கை. கடைசியில் நீயும் அந்தப் பக்கம்தான் நிற்பாய் என்று நினைத்தேன். நினைத்தது தப்பென்றால் மன்னித்துக்கொள்.

அண்ணி


ஜூன் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்கள் உட்கார்ந்து இதைப் படியுங்கள்.

புது ரசாயனங்கள் வந்து, மேசையைக்கூட மாற்றி, போன வாரம் மறுபடி செய்தோம். வாண்டுவின் மாதிரியில் கூடுதல் கோடு. நோயில்லாத மாதிரியிலும் அதே கோடு. மூக்குக்கண்ணாடிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இனிமே எதத்தான் மாத்துறது?" என்றார். உங்கள் கடிதம் அன்று காலைதான் வந்திருந்தது, என் வெள்ளைக் கோட்டின் பையில் இருந்தது. எங்க பக்கம் யாருக்கும் கிடையாது என்று அண்ணன் சொன்னானே, அந்த வரி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று அவரிடம், "சார், எங்க பக்கம்னா நானுந்தானே?" என்றேன். அவர் விழித்தார். எனக்கே அப்போதுதான் உறைத்தது.

நோயில்லாத அந்த மாதிரி என் ரத்தம் அண்ணி. வேறு எந்தக் குழந்தைக்கும் என் கை நோயில்லாத கைதான். இந்த ஒரு குழந்தைக்கு மட்டும் நான் அத்தை. முதல் வருட மாணவிகூடச் செய்யாத தவறு. ஒன்றும் கலக்கவில்லை, எதுவும் தெறிக்கவில்லை. அதே எழுத்து என்னிடமும் மாறியிருக்கிறது. என்னிடம் ஒரு ஜீனில் மட்டும் பிழை, இன்னொன்று சரியாக இருப்பதால் நான் நடமாடுகிறேன். அன்றே மூக்குக்கண்ணாடிக்காரர் கையிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்தோம். அவருக்கு அந்தக் கோடு இல்லை. உங்கள் ரத்தத்திலும் செய்தோம். இல்லை.

அப்படியென்றால் இரண்டாவது பிழை எங்கள் வீட்டிலிருந்து வந்தது. அண்ணன் வழியாக வந்தது. ஏப்ரலிலேயே அது என் கண் முன்னால் இருந்தது, நான் கழுவிக் கொட்டினேன். அந்த வாரங்களை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அறிக்கையில் கையெழுத்தாகிவிட்டது. டாக்டருக்கு நேற்றே அனுப்பிவிட்டேன். அந்தப் போலிக் குறியின் மேல் ஒரு சிறு துண்டை ஒட்டி, செல்லின் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பதுதான் அவர்கள் சோதிக்கும் மருந்து. வாண்டுவின் பிழை அதற்குப் பொருந்தும். நாற்காலிப் பரிசோதனை மட்டும்தான் பாக்கி.

நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பக்கத்தில் நிற்கிறேன். அண்ணனுக்குத் தனியாக எழுதுகிறேன்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 7

அண்ணா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலம் என்று ஜனவரியிலிருந்து அண்ணி எனக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

அறிக்கையின் பிரதியை வைத்திருக்கிறேன். உனக்குப் புரியாவிட்டால் இதைப் படி. வாண்டுவின் இரண்டாவது பிழை நம் வீட்டுப் பிழை. அது என்னிடமும் இருக்கிறது. அம்மாவிடமிருந்து வந்ததா அப்பாவிடமிருந்து வந்ததா தெரியாது, கேட்க அவர்களும் இல்லை. இதில் யார் மேலும் குற்றமில்லை. அண்ணி மேல் இல்லை, உன் மேலும் இல்லை. ஒரே ஒரு எழுத்து. அதை நீ எழுதவில்லை.

ஆனால் பையை எடுத்துக்கொண்டு போனது நீ. அதற்கு எந்த ஜீனும் பொறுப்பில்லை. எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது. சின்ன வயதில் நான் கிணற்றுக் கட்டையில் ஏறினால் பின்னாலேயே வந்து பாவாடையைப் பிடித்துக்கொள்கிற அண்ணன் எங்கே போனான் என்று தெரியவில்லை.

அடுத்த மாதம் அவள் நாற்காலியிலிருந்து எழ வேண்டும். அதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர்.

தங்கை


ஜூன் 21

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். நீ நலமா?

வேலை இருக்கிறது. ஒரு சந்தேகம். அந்த மருந்தை ஊசியாகத்தான் போடுவார்களாமே, குழந்தைக்கு ரொம்ப வலிக்குமா? இன்னொன்று, என்னிடமும் ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் எடுக்கட்டும். எங்கே வர வேண்டும் என்று சொல்.

உன் அண்ணிக்கு நான் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாம். ஆள் உள்ளே இருக்கிறார். கூப்பிடுகிறார்கள்.

அண்ணன்


ஜூலை 18

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நீ நலமா? சாப்பிடு, தூங்கு. ஏப்ரலைப் பற்றி இனிமேல் எழுதாதே, நான் படிக்க மாட்டேன்.

நேற்று முன்தினம் பரிசோதனை முடிந்தது. கைப்பிடி இல்லாத நாற்காலி. தன் தொடையில் கை ஊன்றலாம், ஆனால் வேறு எதையும் பிடிக்கக் கூடாது. யாராவது தொட்டுவிட்டால் செல்லாது. உன் அண்ணன் வேலை இடத்திலிருந்து நேராக வந்தார், சட்டையெல்லாம் கிரீஸ். கதவுக்குப் பக்கத்தில் நின்றார்.

முதல் தடவை வாண்டு பாதி எழுந்து பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். உன் அண்ணனுக்குக் கை தானாக நீண்டது. "சார், தொடக் கூடாது" என்றார் டாக்டர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதுவும் போதவில்லை. சுவரோடு சாய்ந்து, இரண்டு கையையும் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டார். வாண்டு அவரைப் பார்த்து, "அப்பா, நீ எதுக்கு மூச்சப் பிடிச்சுக்கிட்டிருக்கே? நான்தானே எந்திரிக்கணும்" என்றாள். சிரித்துக்கொண்டே தொடையில் கையை ஊன்றினாள். முட்டி நடுங்கியது. அதற்கு மேல் நான் அவளைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தை வைத்துத்தான் அவள் நின்றுவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

சேர்த்துக்கொண்டார்கள். அவளுடைய பிழைக்கென்று மருந்து தயாராகச் சில மாதம் ஆகுமாம். போன பலம் திரும்பாது, இருப்பது அப்படியே நிற்கலாம் என்கிறார் டாக்டர். நிற்கும் என்று சொல்லவில்லை, நிற்கலாம் என்றுதான் சொன்னார். அவ்வளவு போதும் என்று எனக்கும் தோன்றவில்லை. ஆனால் வேறு எதுவும் இல்லை.

அன்று ராத்திரி அதே பையோடு வீட்டுக்கு வந்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "எங்க பக்கமுந்தான்" என்று மட்டும் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் தட்டை வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. பை கதவோரமாகப் பிரிக்காமல் கிடக்கிறது. நான் பிரிக்கப் போவதில்லை. அவரே பிரிக்கட்டும். "அப்பாவுக்கு ஷிப்ட் மாறிடுச்சாம்மா?" என்று வாண்டு என்னைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் படம் வரையப் போய்விட்டாள்.

உன் அண்ணன் நலமாக இல்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை. குழந்தை புரண்டு படுத்தாலும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். வீட்டில்தான் இருக்கிறார்.

அண்ணி